நான்ஜிங்கில் இருமொழி முதுகலை: வகுப்பு, விடுதி, அதன் பிறகான வேலை

பன்னாட்டு உறவுகள் படித்துவிட்டுச் சீன மொழியையும் சில ஆண்டுகளாகக் கற்றுவரும் ஒரு மாணவி இவ்வாறு கேட்டிருக்கிறார்: சீனாவில் சீனம், ஆங்கிலம் ஆகிய இரு மொழிகளிலும் நடக்கும் முதுகலைப் படிப்பில் சேர்ந்தால் அங்கே மாணவர் வாழ்க்கை எப்படி இருக்கும், முடித்த பிறகு எந்த வேலைகளுக்குப் போக முடியும், ஓராண்டுச் சான்றிதழ் போதுமா இரண்டாண்டுப் பட்டம் வேண்டுமா, இன்றைய அரசியல் சூழலில் இதற்குச் செலவாகும் காலமும் பணமும் தகுமா? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொருளாதாரம், சட்டம், எரிசக்தி, அயலுறவு என ஏதேனும் ஒரு துறையில் உங்களுக்கு ஏற்கெனவே பிடிப்பு இருந்து, அந்தத் துறையைச் சீன மூலங்களிலிருந்தே படித்தாக வேண்டும் என்ற தேவையும் இருந்தால் தகும். மொழியை மெருகேற்றுவது மட்டுமே நோக்கம் என்றால் அதைவிட மலிவான வழிகள் பல உள்ளன.

இருமொழிப் படிப்பு என்ற பெயரில் இன்று பலவகைப் படிப்புகள் விளம்பரப்படுத்தப்படுகின்றன. பெய்ஜிங்கில் சிங்குவா பல்கலைக்கழகத்தின் ஷ்வார்ஸ்மன் திட்டமும் பீக்கிங் பல்கலைக்கழகத்தின் யென்சிங் கழகமும் புகழ்பெற்றவை. முழு உதவித்தொகை தருபவை. ஆனால் அவற்றில் பாடம் நடப்பது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். சீன மொழி அங்கே கூடுதலாகக் கற்பிக்கப்படும் ஒரு பாடம். இரு மொழிகளிலும் உண்மையாகவே பாடம் நடத்தி, இரு நாட்டு மாணவர்களையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கும் படிப்புக்கு நீண்ட வரலாறுடைய எடுத்துக்காட்டு, கிழக்குச் சீனாவின் நான்ஜிங் நகரில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் நான்ஜிங் பல்கலைக்கழகமும் கூட்டாக நடத்தும் ஹாப்கின்ஸ்–நான்ஜிங் மையம். ஆகவே அதையே அடிப்படையாகக் கொண்டு பேசுகிறேன்.

அமெரிக்காவும் சீன மக்கள் குடியரசும் 1979-ஆம் ஆண்டு சனவரியில் தூதரக உறவு தொடங்கியதை அடுத்து, ஜான்ஸ் ஹாப்கின்ஸின் தலைவர் ஸ்டீவன் முல்லரும் நான்ஜிங் பல்கலைக்கழகத்தின் தலைவர் குவாங் யாமிங்கும் பேசி உருவாக்கிய திட்டம் இது. முல்லர் நாட்சி ஜெர்மனியிலிருந்து சிறுவனாகத் தப்பி வந்தவர். குவாங் 1966-இல் மாவோவின் பண்பாட்டுப் புரட்சியின் தொடக்கத்திலேயே தாக்குதலுக்கு உள்ளான பல்கலைக்கழகத் தலைவர்களில் ஒருவர். அரசியல் வெறி கல்விக்கூடங்களை என்ன செய்யும் என்று சொந்த வாழ்க்கையில் கண்ட இருவர் இதைத் தொடங்கினார்கள் என்பது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை. மையம் 1986 செப்டம்பரில் திறக்கப்பட்டது. முதல் இருபது ஆண்டுகள் ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பு மட்டுமே இருந்தது. 2006-இல் இரண்டாண்டு முதுகலைப் பட்டம் சேர்க்கப்பட்டது. அந்தப் பட்டத்தை இரு பல்கலைக்கழகங்களும் சேர்ந்தே வழங்குகின்றன. நிர்வாகத்திலும் ஓர் அமெரிக்க இணை இயக்குநர், ஒரு சீன இணை இயக்குநர் என இருவர் உண்டு. ஓராண்டை நான்ஜிங்கிலும் மிகுதியை வாஷிங்டனில் உள்ள ஹாப்கின்ஸின் பன்னாட்டு ஆய்வுப் பள்ளியிலும் முடிக்கும் வழியும் இருக்கிறது.

மொழி ஏற்பாடு எளிமையானது, அதே அளவுக்குக் கடுமையானது. வெளிநாட்டு மாணவர்கள் பெரும்பாலான பாடங்களைச் சீனப் பேராசிரியர்களிடம் சீன மொழியில் படிக்க வேண்டும். சீன மாணவர்கள் பெரும்பாலானவற்றை வெளிநாட்டுப் பேராசிரியர்களிடம் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும். அவரவருக்குத் தாய்மொழி அல்லாத மொழியே அவரவருக்குப் பாட மொழி. இரண்டாண்டுப் பட்டத்துக்கு ஆய்வேட்டையும் அந்த மொழியிலேயே எழுதி, ஆசிரியர் குழுவின் முன் அந்த மொழியிலேயே வாய்மொழியாக நின்று பதில் சொல்ல வேண்டும். விண்ணப்பிப்பவர்கள் பலரும் குறைத்து மதிப்பிடும் இடம் இதுதான்.

ஏன் என்று விளக்குகிறேன். சீன மொழித் தேர்வான எச்எஸ்கே-யின் பழைய திட்டத்தில் ஐந்தாம் நிலைக்கு 2500 சொற்களும் ஆறாம் நிலைக்கு 5000 சொற்களும் தேவை. ஐந்தாம் நிலையில் நல்ல மதிப்பெண் பெற்றவர் கடையில் பேரம் பேசுவார், வீட்டு உரிமையாளரோடு வாதாடுவார், தொலைக்காட்சித் தொடரைப் பெரும்பாலும் புரிந்துகொள்வார். அதே ஆள் சீனாவின் நிலச் சட்டம் பற்றிய கட்டுரை ஒன்றைத் திறந்தால் முதல் பத்தியிலேயே தடுமாறுவார். நம் பேச்சுத் தமிழ் மட்டும் தெரிந்தவர் உயர் நீதிமன்றத் தீர்ப்பின் தமிழாக்கத்தைப் படிக்க நேர்ந்தால் எப்படி விழிப்பாரோ அந்த நிலைதான். எழுத்து நடை பேச்சு நடையிலிருந்து வெகுதூரம் விலகி நிற்கும். பழைய இலக்கியச் சீனத்தின் சுருக்கமான தொடர்கள் இடையிடையே வரும். கம்யூனிஸ்ட் கட்சி ஆவணங்களிலோ ஒரே சொற்றொடர் ஆண்டுக்காண்டு ஒரு சொல் மாறி வருவதில்தான் கொள்கை மாற்றமே ஒளிந்திருக்கும். அமெரிக்க அரசு தன் தூதரக அதிகாரிகளுக்குச் சீன மொழி பயிற்றுவிக்க 88 வாரங்கள், ஏறத்தாழ 2200 வகுப்பு மணி நேரம் ஒதுக்குகிறது. அதுவும் பணிக்குத் தேவையான தேர்ச்சிக்குத்தான். கருத்தரங்கில் எழுந்து வாதிடும் தேர்ச்சி அதற்கும் மேலே.

எனவே முதல் பருவம் பெரும்பாலானோருக்கு ஒரு தண்டனை போலவே கழிகிறது. ஆங்கிலத்தில் ஒரு மணி நேரத்தில் படித்து முடிக்கும் கட்டுரைக்கு ஒரு மாலை முழுவதும் போகும். பேராசிரியர் சிச்சுவான் அல்லது அன்ஹுயி மாகாண உச்சரிப்போடு பேசினால் பாடநூல் ஒலிநாடாவில் கேட்டுப் பழகிய காது உதவாது. சொந்த மொழியில் கூர்மையாகப் பேசக்கூடியவர், வகுப்பில் பத்து வயதுக் குழந்தையின் வாக்கியங்களோடு நிற்க நேர்வது மனத்தை வெகுவாகப் பாதிக்கும். குளிர் விடுமுறைக்குப் பிறகு நிலை மாறத் தொடங்கும் என்பதே பலரின் அனுபவம். அதற்குக் காரணம் துறைச் சொற்கள் திரும்பத் திரும்ப வருவதுதான். ஒரு துறையின் முதல் முந்நூறு, நானூறு கலைச்சொற்கள் கைக்கு வந்துவிட்டால் அடுத்த கட்டுரை பாதி நேரத்தில் முடியும். அதனால்தான் பருவந்தோறும் வெவ்வேறு துறைப் பாடங்களைச் சுவைத்துப் பார்ப்பவரைவிட, தொடக்கத்திலேயே ஒரு துறையைப் பிடித்துக்கொள்பவர் இந்தப் படிப்பில் விரைவாக எழுகிறார். உங்களுக்கு இதை அழுத்திச் சொல்லக் காரணம், பின்னால் வேலை தேடும்போதும் இதே விதிதான் செயல்படுகிறது.

வெளிநாட்டு மாணவர் ஒருவரும் சீன மாணவர் ஒருவரும் ஒரே அறையில் தங்குவது மையத்தின் தொடக்க கால மரபு. விளம்பரத் தாள்களில் இது நட்பின் படமாக அச்சாகும். நடைமுறையில் இது இரவு எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பது, சன்னலைத் திறப்பதா மூடுவதா, வீட்டாரோடு காணொளியில் உரக்கப் பேசலாமா என்ற பேச்சில் தொடங்குகிறது. சீன மாணவர்களில் பெரும்பாலோர் காவ்காவ் என்னும் பல்கலைக்கழக நுழைவுத்தேர்வின் உலையில் வெந்து வந்தவர்கள். எட்டுப் பேர் தங்கும் விடுதி அறைகளில் நான்காண்டுகள் கழித்தவர்களும் உண்டு. ஆகவே இருவர் மட்டும் தங்கும் அறை அவர்களுக்கு வசதி, அமெரிக்க மாணவருக்கோ நெருக்கடி. இந்தச் சிறு உரசல்களைக் கடந்த பிறகுதான் பயனுள்ள பேச்சு தொடங்கும். உங்கள் கட்டுரையை அறைத் தோழி திருத்துவார், அவருடைய ஆங்கில ஆய்வறிக்கையை நீங்கள் திருத்துவீர்கள். இருவரும் மற்றவருடைய வாதத்தை ஏற்காமலேயே அதை மற்றவரின் மொழியில் செம்மைப்படுத்த வேண்டியிருக்கும். தைவான் பற்றியோ திபெத் பற்றியோ உங்களுக்கு உடன்பாடில்லாத ஒரு நிலைப்பாட்டை, அதை உண்மையாக நம்பும் ஒருவரின் தரப்பிலிருந்து, அவருடைய சொற்களிலேயே சரியாக எடுத்துச் சொல்லும் திறன் இங்கேதான் வருகிறது. பிற்காலத்தில் பேச்சுவார்த்தை மேசையிலும் ஆய்வு அறிக்கையிலும் உதவும் இத்தகைய பயிற்சியை வேறு எங்கும் பெறுவது அரிது என்பது என் கருத்து.

இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, சோம்பல் எல்லோருக்கும் எளிது: இரு தரப்பிலும் ஆங்கிலமே சரளமாக இருந்தால் அறைப் பேச்சு ஆங்கிலத்துக்கு வழுக்கிவிடும். ஒருநாள் சீனம், ஒருநாள் ஆங்கிலம் என்று முதல் வாரத்திலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது. இரண்டாவது, வெளிநாட்டு மாணவருக்கு இரண்டாண்டு முடிந்ததும் ஊர் திரும்பும் பயணச்சீட்டு இருக்கிறது. சீன மாணவருக்கு அது இல்லை. நள்ளிரவில் அவர் மனம் திறந்து சொன்ன ஒன்றை நீங்கள் சமூக ஊடகத்தில் அவர் பெயரோடு எழுதினால் அதன் விலையைக் கொடுப்பவர் அவர்தான்.

கருத்துச் சுதந்திரம் பற்றியும் இங்கே பேசியாக வேண்டும். இந்த மையத்தின் நூலகத்தில் தணிக்கை செய்யப்படாத நூல்கள் திறந்த அடுக்குகளில் இருக்கின்றன. நாட்டின் பிற நூலகங்களில் காணக் கிடைக்காத அரசியல் வரலாறுகள் அவற்றில் உண்டு. வகுப்பறையில் எந்தத் தலைப்பும் விலக்கில்லை என்பது நிறுவனத்தின் கொள்கை. ஆனால் அந்தச் சுதந்திரம் கட்டடத்தின் சுவர்களோடு முடிகிறது. வகுப்பில் விவாதித்ததைத் துண்டறிக்கையாக்கி நகரத்தில் விநியோகிக்க முடியாது. சீனாவில் இயங்கும் பன்னிரண்டு அமெரிக்கப் பல்கலைக்கழகக் கிளைகளையும் கூட்டு நிறுவனங்களையும் ஆராய்ந்து அமெரிக்க அரசின் பொறுப்புடைமை அலுவலகம் 2016-இல் வெளியிட்ட அறிக்கை, ஒப்பந்தங்களில் கல்விச் சுதந்திரம் வலியுறுத்தப்பட்டிருந்தாலும் தணிக்கையற்ற இணையம் அவற்றுள் பாதிக்கும் குறைவானவற்றில்தான் கிடைத்தது என்று பதிவுசெய்தது. தவிர, சீன மாணவர்கள் தங்களுக்குள் வகுத்துக்கொள்ளும் எல்லையை எந்த ஒப்பந்தமும் அழித்துவிடாது. இதை ஏமாற்று என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குறுகிய இடத்திலாவது இரு தரப்பும் ஒரே நூலைப் படித்துவிட்டு வாதிட முடிகிறது என்பதே பெரிய விஷயம்.

நகரத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. குலோ பகுதியில் உள்ள நான்ஜிங் பல்கலைக்கழகத்தின் பழைய வளாகத்தில்தான் அமெரிக்க எழுத்தாளர் பேர்ல் பக் குடியிருந்த வீடு நிற்கிறது. 1937-இல் ஜப்பானியப் படை இந்நகரில் நடத்திய படுகொலையின்போது ஆயிரக்கணக்கானோரைக் காக்க உதவிய ஜெர்மானியர் ஜான் ராபேயின் வீடும் அருகிலேயே இருக்கிறது. மிங் பேரரசின் மதில், சுவான்வு ஏரி, சன் யாட்-சென்னின் நினைவிடம் அமைந்த ஊதா மலை எல்லாம் மெட்ரோ தொலைவில். கோடையில் இது சீனாவின் 'உலைகள்' என்று பெயர் வாங்கிய நகரங்களில் ஒன்று. சென்னைக்காரருக்கு அது புதிதாக இராது. குளிர்காலம்தான் வருத்தும்: ஹுவாய் ஆற்றுக்குத் தெற்கே இருப்பதால் வடக்கு நகரங்களைப் போல நகராட்சியின் பொது வெப்பமூட்டும் வசதி இங்கு இல்லை, ஈரக் குளிர் எலும்பில் ஏறும். உணவில் வாத்து எங்கும் உண்டு. உப்பு வாத்து, வாத்து இரத்தச் சேமியா இரண்டும் இந்நகரின் அடையாளங்கள். சைவ உணவினர் பல்கலைக்கழக உணவகத்தில் பிழைத்துக்கொள்ளலாம், ஆனால் காய்க் கறியில் பன்றிக் கொழுப்பு சேர்வதைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் உண்ண வேண்டும்.

இனி வேலை. சீன மொழி தெரிந்தால் போதும், உலகமே கூப்பிடும் என்று 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் காலத்தில் சொல்லப்பட்டது. அக்காலத்தில் அதில் ஓரளவு உண்மையும் இருந்தது. ஷாங்காயில் இறங்கி ஆலோசனை நிறுவனத்திலோ அரசுசாரா அமைப்பிலோ நேராக நுழைந்தவர்கள் பலர். அந்த வாசல்கள் ஒவ்வொன்றாகக் குறுகிவிட்டன. வெளிநாட்டு அரசுசாரா அமைப்புகளைக் காவல்துறையின் மேற்பார்வைக்குள் கொண்டுவந்த சட்டம் 2017 சனவரி முதல் நடைமுறைக்கு வந்ததும் பல அமைப்புகள் அலுவலகங்களைச் சுருக்கின. 2023 வசந்தத்தில் மின்ட்ஸ், பெய்ன், கேப்விஷன் ஆகிய ஆலோசனை, விசாரணை நிறுவனங்களின் அலுவலகங்களுக்குச் சீன அதிகாரிகள் சென்று விசாரித்தனர். அதே ஆண்டு சூலையில் திருத்தப்பட்ட உளவு எதிர்ப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. நிறுவனங்களின் பின்புலத்தை விசாரித்து அறிக்கை தரும் தொழில், இருமொழிப் பட்டதாரிகளுக்குப் பழக்கமான முதல் வேலைகளில் ஒன்றாக இருந்தது. அதைச் சீன மண்ணில் இருந்து செய்வது இப்போது ஆபத்தான காரியம்.

ஆனால் வேலை அழிந்துவிடவில்லை, இடம் பெயர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் உய்குர் கட்டாய உழைப்புத் தடுப்புச் சட்டம் 2022 சூன் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. உய்குர் மக்கள் வாழும் சீனாவின் வடமேற்குப் பகுதியான சின்ஜியாங்கோடு தொடர்புடைய எந்தப் பொருளும் கட்டாய உழைப்பால் உருவானது என்றே அச்சட்டம் கொள்கிறது. அப்படி இல்லை என்று நிறுவும் சுமை இறக்குமதியாளருடையது. பருத்தி நூலோ சூரியத் தகட்டின் சிலிக்கானோ எங்கிருந்து வந்தது என்று மூன்று, நான்கு படிகள் பின்னால் போய்த் தேட வேண்டுமானால் சீன நிறுவனப் பதிவேடுகள், ஆண்டறிக்கைகள், மாவட்ட அரசுகளின் அறிவிப்புகள் எல்லாவற்றையும் சீனத்திலேயே படிக்கத் தெரிந்தவர் வேண்டும். 2022 அக்டோபரில் சீனாவுக்கு எதிராக அமெரிக்கா தொடங்கிய மின்னணுச் சில்லு ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளும் அதே வகைத் தேவையை உருவாக்கின. இந்த வேலைகள் வாஷிங்டன், சிங்கப்பூர், ஹாங்காங், இலண்டன், பிரசெல்ஸ் நகரங்களின் சட்ட நிறுவனங்களிலும் வங்கிகளின் விதி இணக்கப் பிரிவுகளிலும் இருக்கின்றன. எண்பது பக்கச் சீன ஆவணத்தை ஒரு நாளில் படித்து இரண்டு பக்க ஆங்கிலக் குறிப்பாக்கித் தருபவருக்கு இங்கே போட்டியாளர்கள் குறைவு. இயந்திர மொழிபெயர்ப்பு வந்துவிட்டதே என்று கேட்பீர்கள். அது வாக்கியத்தைத் தரும். அந்த அறிவிப்பை வெளியிட்ட அலுவலகத்துக்கு அதைச் செயல்படுத்தும் அதிகாரம் உண்டா, சென்ற ஆண்டு அறிவிப்பிலிருந்த எந்தத் தொடர் இதில் காணாமற்போனது என்பதை உடனிருந்து யாராவது கேட்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு சாதகம், பெரும் சரிவிலிருந்து பிறந்தது. சீனாவில் படித்த அமெரிக்க மாணவர் எண்ணிக்கை 2018–19 கல்வியாண்டில் 11,600-க்கு மேல் இருந்தது. பெருந்தொற்றால் நுழைவு மூடப்பட்ட 2021–22-இல் அது 211 ஆக வீழ்ந்தது. அமெரிக்க அரசின் கல்விப் பரிமாற்றத் திட்டமான ஃபுல்பிரைட்டின் சீனப் பிரிவும் 2020-இல் நிறுத்தப்பட்டது. ஐந்தாண்டுகளில் 50,000 இளம் அமெரிக்கர்களை வரவேற்பதாக ஷி ஜின்பிங் 2023 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் அறிவித்த பிறகும் நீண்டகாலப் படிப்புக்கு வருவோர் மெதுவாகவே கூடுகிறார்கள். ஆக, அடுத்த பதினைந்து ஆண்டுகளில் சீனாவில் வாழ்ந்து, சீனத்திலேயே ஆய்வேடு எழுதியவர்கள் மேற்கு நாடுகளில் மிகச் சிலரே இருப்பார்கள். அமெரிக்கக் குடிமக்களாக இருக்கும் உங்கள் வகுப்புத் தோழர்கள் அரசுப் பணிக்குப் போக விரும்பினால் பாதுகாப்பு அனுமதிக்கான படிவத்தில் நெருங்கிய வெளிநாட்டுத் தொடர்புகளையெல்லாம் எழுத வேண்டியிருக்கும், விசாரணை நீளலாம். அதற்காகவே சிலர் சீனாவைத் தவிர்க்கிறார்கள் என்பது அந்த அரசுக்கே நட்டம்.

சீன வகுப்புத் தோழர்களின் கதை வேறு. வெளியுறவு அமைச்சு, அரசு வங்கிகள், வெளிநாடுகளில் கட்டுமானம் செய்யும் அரசு நிறுவனங்கள், செய்தி முகமைகள், அமெரிக்க ஐரோப்பிய முனைவர் படிப்புகள் என்பவை வழக்கமான வழிகள். ஆனால் நெரிசல் கடுமையானது: 2025-இல் மட்டும் சீனக் கல்லூரிகளிலிருந்து 1.22 கோடி பட்டதாரிகள் வெளிவந்தார்கள். 16 முதல் 24 வயதினரின் வேலையின்மை 2023 சூனில் 21.3 விழுக்காட்டைத் தொட்டதும் அரசு அந்த எண்ணை வெளியிடுவதையே சில மாதங்கள் நிறுத்தி, பின்னர் மாணவர்களை விலக்கிய புதிய கணக்கோடு வந்தது. 2024-ஆம் ஆண்டு நியமனத்துக்கான தேசிய அரசுப் பணித் தேர்வில் ஏறத்தாழ 39,600 இடங்களுக்கு முப்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் தகுதி பெற்றனர். ஆகையால் இரண்டாம் ஆண்டில் உங்கள் அறைத் தோழி ஆய்வேட்டோடு தேர்வுக் குறிப்புகளையும் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தால் வியப்பில்லை.

நீங்கள் சீனாவிலேயே வேலை பார்க்க விரும்பினால் சட்ட நிலையைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டவருக்கு வேலை அனுமதி கிடைக்கப் பொதுவாக இளங்கலைப் பட்டமும் இரண்டாண்டு அனுபவமும் வேண்டும். சீனப் பல்கலைக்கழகத்தில் முதுகலையோ அதற்கு மேலோ முடித்தவர்களுக்கு, பட்டம் பெற்ற ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால், 2017-ஆம் ஆண்டு அறிவிப்பின்படி அனுபவ நிபந்தனையிலிருந்து விலக்கு உண்டு. சராசரி மதிப்பெண் 80-க்குக் குறையக் கூடாது. மாணவராக இருக்கும்போது பயிற்சிப் பணிக்குப் போவதானால் பல்கலைக்கழகத்தின் ஒப்புதலோடு தங்கல் அனுமதியில் அதைக் குறிக்கச் செய்ய வேண்டும். அப்படிச் செய்யாமல் மாலையில் ஆங்கிலப் பாடம் சொல்லிக்கொடுத்துச் சம்பாதிப்பது சட்டவிரோத வேலை. பிடிபட்டால் அபராதமும் வெளியேற்றமும் வரலாம். நீண்டகால மாணவர் நுழைவிசைவோடு வந்து இறங்கிய முப்பது நாட்களுக்குள் தங்கல் அனுமதி பெறுவதையும் தள்ளிப் போடாதீர்கள்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் சிலவற்றைத் தனியாக எண்ணிப் பார்க்க வேண்டும். பெருந்தொற்றுக்கு முன் சீனாவில் இருந்த இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் எம்பிபிஎஸ் படித்தவர்கள். 2020 முதல் 2022 வரை அவர்கள் திரும்ப முடியாமல் தவித்தது பலருக்கு நினைவிருக்கும். எல்லை மூடினால் முதலில் பாதிக்கப்படுவது மாணவர்தான். நேரடி விமானங்கள் 2025 அக்டோபரில் மீண்டும் தொடங்கியிருப்பது நல்ல செய்தி, ஆனால் அதை நிரந்தரம் என்று கணக்கிட வேண்டாம். இந்திய வெளியுறவுப் பணிக்கு இந்தப் பட்டம் குறுக்கு வழி ஆகாது. அங்கே குடிமைப் பணித் தேர்வு எழுதித் தேர்வானவர்களுக்கே மொழி ஒதுக்கப்படுகிறது. டெல்லியின் சீன ஆய்வுக் கழகம், பெங்களூரின் தக்‌ஷசிலா நிறுவனம், சென்னையின் சீன ஆய்வு மையம் போன்றவை மூலச் சீனம் படிக்கத் தெரிந்தவர்களை மதிக்கும், எனினும் அவற்றில் இடங்கள் சிலவே. தமிழ்நாட்டில் திருப்பெரும்புதூரின் மின்னணு ஆலைகளிலும் செய்யாறு பகுதியின் தைவானியக் காலணி ஆலைகளிலும் மாண்டரின் (பொதுச் சீன மொழி) பேசுவோர் தேவைப்படுகிறார்கள். அது பேச்சு மொழிபெயர்ப்பு வேலை. அதற்கு ஓராண்டு மொழிப் பயிற்சி போதும், இரண்டாண்டு முதுகலை மிகை. இலங்கையின் நிலை சற்று வேறு: 2023 அக்டோபரில் சீன அரசின் ஏற்றுமதி–இறக்குமதி (எக்சிம்) வங்கியோடு ஏறத்தாழ 420 கோடி டாலர் கடன் குறித்து உடன்பாட்டுக்கு வந்த நாடு அது. அத்தகைய கடன்களின் சீனத் தரப்பு ஆவணங்களைத் தானே படித்தறியக்கூடிய பொருளியலாளரோ சட்டத்தரணியோ கொழும்பில் இருந்தால் அவருக்கு வேலைக்குக் குறைவிராது.

பணம் பற்றிச் சுருக்கமாக. அமெரிக்கத் தனியார் பல்கலைக்கழகம் நடத்தும் கூட்டுப் படிப்பு என்பதால் உதவித்தொகை எவ்வளவு என்று கையில் கடிதம் வரும்வரை சேர்வதாக உறுதி அளிக்காதீர்கள். செலவு தாங்காது என்றால் சீன அரசின் உதவித்தொகையோடு ஒரு சீனப் பல்கலைக்கழகத்தில் முழுக்கச் சீன மொழியிலேயே முதுகலை செய்யும் வழி இருக்கிறது. கட்டணம், தங்குமிடம் போக மாதம் 3000 யுவான் கிடைக்கும். அதில் நீங்கள் இழப்பது வெளிநாட்டுப் பேராசிரியர்களையும் தணிக்கையற்ற நூலகத்தையும். மொழியைப் பொறுத்தவரை, வெளிநாட்டு மாணவர் விடுதிக்குள் முடங்கிவிடாமல் இருந்தால், பெரிய இழப்பில்லை.

ஓராண்டுச் சான்றிதழா, இரண்டாண்டுப் பட்டமா என்றும் கேட்டிருந்தீர்கள். பல்கலைக்கழக ஆய்வாளராகவோ சட்ட வல்லுநராகவோ ஆவதற்கு வேறு பட்டம் எப்படியும் வாங்கப் போகிறீர்கள் என்றால் ஓராண்டு போதும். அப்படி இல்லாமல் இதுவே உங்கள் கடைசிப் பட்டமாக இருக்கும் என்றால் இரண்டாண்டை எடுங்கள். ஏனெனில் வேலைக்கு எடுப்பவர் கேட்கும் சான்று சீனத்தில் எழுதிய அந்த ஆய்வேடுதான். அதன் தலைப்பை முதலாண்டு முடிவதற்குள் முடிவு செய்யுங்கள். 'சீனாவும் உலகமும்' என்பது போன்ற அகலமான தலைப்பைத் தவிர்த்து, ஒரு மாகாணத்தின் மின்கட்டணச் சீர்திருத்தம், ஒரு துறைமுக நிறுவனத்தின் கடன் அமைப்பு போலக் குறுகியதாக எடுங்கள். சீனாவின் ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளமான சிஎன்கேஐ 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டு நூலகங்களுக்குப் பல பகுதிகளை மூடியிருப்பதால், தேவையான கட்டுரைகளையும் புள்ளிவிவர ஆண்டு நூல்களையும் நான்ஜிங்கில் இருக்கும்போதே சேகரித்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பிய பிறகு அவற்றுள் பல கிடைக்காது.